கைம்மாறு கேட்கும் மேகம்

கணினித் துறையில் ‘மேகம்’ என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டவருக்கு விளம்பர உலகம் ஒரு சிலையே எழுப்பலாம். முகில், கொண்டல், எழிலி, மஞ்சு, மங்குல், கார் என்று தமிழில் மேகத்துக்குத்தான் எத்தனை பெயர்கள்! அத்தனை பெயர்கள் மேலும் நம் மரபு ஏற்றி வைத்திருக்கும் பொருள் ஒன்று உண்டு. கைம்மாறு கருதாமல் கொடுப்பது. புரவலனைப் பாட வந்த புலவன் மேகத்தைத் தேடிப் போனது அதற்காகத்தான். கணினி மேகமோ நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட அளந்து கணக்கெழுதுகிறது. அமேசானின் லாம்டா என்ற சேவை முன்பு நூறு மில்லி நொடிக்கு ஒன்றாகக் கட்டணம் போட்டது. 2020 டிசம்பரிலிருந்து ஒவ்வொரு மில்லி நொடிக்கும் போடுகிறது. இவ்வளவு கறாரான மேகத்தை எந்தச் சங்கப் புலவனும் கண்டிருக்க மாட்டான்.

இலக்கிய இதழ்களை வாசிக்கும் நமக்கு இந்த வணிகச் சங்கதி எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இரண்டு காரணங்களுக்காக வேண்டும். உவமையும் உருவகமும் நம் தொழில். ஒரு உருவகத்தை முன்னால் நிறுத்திப் பின்னால் ஒரு சொத்துரிமை மாற்றம் நடக்கிறதென்றால் அதைச் சுட்டிக்காட்ட வேண்டியவர்கள் பொறியாளர்கள் அல்லர், நாம்தான். அடுத்தது, நம் எழுத்துகள். 1990களின் இறுதியில் தமிழை இணையத்தில் ஏற்றியவர்களில் பலர் ஜியோசிட்டீஸ் என்ற இலவச இடத்தில் குடியேறினார்கள். திஸ்கி எழுத்துருவில் கவிதைகள், கட்டுரைகள், மொழிபெயர்ப்புகள். 2009 அக்டோபர் 26 அன்று யாஹூ அதை மூடியது. காப்பகப்படுத்தும் தன்னார்வலர்கள் ஓடிப்போய் அள்ளிய வரையில் மிச்சம், மற்றவை போயின. குடியிருந்தவர்களிடம் வாடகைச் சீட்டுகூட இல்லை.

மேகம் என்ற பெயர் எப்படி வந்தது என்பதும் கவனிக்கத் தக்கது. வலையமைப்புப் பொறியாளர்கள் வரைபடம் போடும்போது, தங்கள் பொறுப்பில் வராத, உள்விவரம் தெரிய வேண்டாத பகுதியை ஒரு மேகமாக வரைந்துவிடுவது வழக்கம். ஒரு பக்கம் கோடு நுழையும், மறுபக்கம் வெளியே வரும். நடுவில் என்ன நடக்கிறது என்று கேட்கக் கூடாது. ஆக, அந்தப் படத்தில் மேகம் என்பது ‘இதை நாம் அறிய வேண்டியதில்லை’ என்பதற்கான குறி. அந்தக் குறிதான் பிற்பாடு விலைக்கு வந்தது. அமேசான் தன் சேமிப்புச் சேவையை 2006 மார்ச்சிலும், கணினிகளை வாடகைக்கு விடும் சேவையை அதே ஆண்டு ஆகஸ்டிலும் திறந்தது. கூகுள் தன் ஆப் எஞ்சினை 2008இல் கொண்டுவந்தது. நிரலை மட்டும் எழுதிக் கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதே இந்த இரண்டாவது வகைத் தளங்களின் வாக்குறுதி. இயங்குதளத்தைப் புதுப்பிப்பது, தரவுத்தளத்தைப் பேணுவது, கூட்டம் கூடினால் கணினிகளைக் கூட்டுவது, ஒன்று செத்தால் இன்னொன்றை எழுப்புவது, எல்லாம் மேகத்துக்குள்ளே.

நிறுவனங்கள் ஏன் இத்தளங்களுக்குப் போகின்றன என்று விளக்கும் கட்டுரைகள் ஏராளம். தேர்வுக்கு முந்தின நாள் விற்கும் கையேடு போல எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு: செலவு குறையும், வேகம் கூடும், பாதுகாப்பு மிகும், தேவைக்கேற்ப விரியும். இந்த நான்கில் முதலாவது பெரும்பாலும் பம்மாத்து என்பது நம் கட்சி. நான்காவது உண்மை. இரண்டாவது உண்மை என்றாலும் அதன் காரணம் அக்கட்டுரைகளில் சொல்லப்படுவதில்லை. மூன்றாவதைப் பற்றிப் பின்னால் வருவோம்.

செலவை எடுத்துக்கொள்வோம். 2024ஆம் ஆண்டில் அமேசானின் மேகப் பிரிவுக்கு வந்த வருவாய் சுமார் 10,760 கோடி டாலர். அதில் இயக்க லாபம் சுமார் 3,980 கோடி. வாடகையாக வாங்கும் ஒவ்வொரு நூறிலும் ஏறத்தாழ முப்பத்தேழு லாபம். புத்தகமும் சோப்பும் செருப்பும் விற்கும் அந்த மாபெரும் கடையின் ஒட்டுமொத்த இயக்க லாபத்தில் பாதிக்கு மேல் இந்த ஒரு பிரிவிலிருந்து வருகிறது. நூற்றுக்கு முப்பத்தேழு லாபம் வைத்து விற்கப்படும் பண்டம் வாங்குகிறவனுக்கு மலிவாக இருக்கிறது என்று நம்ப வேண்டுமானால், அவன் தானே செய்துகொண்டால் அதைவிட அதிகமாக வீணடிப்பான் என்று நிறுவ வேண்டும். சிறிய நிறுவனங்கள் விஷயத்தில் அது சாத்தியம்தான். வளர்ந்த பிறகு? டிராப்பாக்ஸ் நிறுவனம் தன் பயனர்களின் கோப்புகளை அமேசானிடம் வைத்திருந்தது; 2015, 2016 வாக்கில் பெரும்பகுதியைச் சொந்தக் கணினிகளுக்கு மாற்றிக்கொண்டது. பங்குச் சந்தைக்கு வரும்போது, 2018இல், அது தாக்கல் செய்த ஆவணத்தின்படி இரண்டே ஆண்டுகளில் மிச்சமானது ஏறத்தாழ ஏழரைக் கோடி டாலர். பேஸ்கேம்ப் என்ற மென்பொருளை விற்கும் 37சிக்னல்ஸ் 2022இல் மேகத்துக்குக் கட்டியது சுமார் 32 லட்சம் டாலர். அந்த அக்டோபரில் வெளியேறுவதாக அறிவித்து, கணினிகளை விலைக்கு வாங்கி, ஐந்தாண்டில் 70 லட்சம் டாலர் மிச்சமாகும் என்று தன் கணக்கையும் வெளியிட்டது. இவர்கள் மேகத்தை அறியாத பழமைவாதிகள் அல்லர். மேகத்துக்குள் குடியிருந்து, கணக்குப் பார்த்து, வெளியே வந்தவர்கள்.

செலவு காரணமல்ல என்றால் வேறென்ன? காத்திருப்பு என்கிறோம் நாம். ஒரு நிறுவனத்தில், அல்லது ஒரு கல்லூரியில், ஒரு கணினி வாங்குவது எப்படி என்று அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். தேவைக் கடிதம் எழுத வேண்டும். மூன்று விலைப்புள்ளிகள் கேட்க வேண்டும். அந்த மூன்றில் இரண்டு, முதலாமவரின் மைத்துனர் கடைகளிலிருந்து வரும். கொள்முதல் குழு கூட வேண்டும். கூடும் நாளில் ஒருவருக்குத் திருமணம், ஒருவருக்குத் துக்கம். ஒப்புதல் ஆனபின் பெட்டி வரும், பெட்டியை வைக்கக் குளிரூட்டிய அறை வேண்டும், அறைக்கு மின் இணைப்பு வேண்டும். நாலு மாதம். இதற்கு நடுவே இருபத்தைந்து வயது நிரலாளர் ஒருவர், எழுதி முடித்த நிரலோடு உட்கார்ந்திருக்கிறார். கடன் அட்டை எண்ணைக் கொடுத்தால் நாலு நிமிடத்தில் கணினி கிடைக்கும் என்கிறது மேகம். 2007இல் தொடங்கிய ஹெரோக்கு இன்னும் ஒரு படி மேலே போனது: நிரலாளர் தன் மேசையிலிருந்து ஒற்றை வரிக் கட்டளை கொடுத்தால், நிரல் பறந்துபோய் உலகத்தின் முன் இயங்கத் தொடங்கும். இந்த விடுதலையின் ருசியை அறிந்தவர் பழைய இடத்துக்குத் திரும்ப மாட்டார். அவரை நாம் குறை சொல்லவும் மாட்டோம்.

அமேசானுக்குள்ளேயே நோய் இதுதான். பண்டிகைக் கால விற்பனைக்கென வாங்கிய உபரிக் கணினிகளை வாடகைக்கு விட்டதால் மேகம் பிறந்தது என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. அந்நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் வெர்னர் வோகெல்ஸே அதை மறுத்திருக்கிறார். அங்கே ஒவ்வொரு குழுவும் தனக்கான சேமிப்பையும் கணினியையும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டிக்கொண்டு மாதங்களைத் தொலைத்தது. அதைத் தீர்க்க எழுந்த யோசனையே பின்னர் ஊருக்கு விற்கப்பட்டது. (அதன் கணினி வாடகைச் சேவையை உருவாக்கிய சிறு குழு இருந்தது தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில். மையம் விளிம்பு என்றெல்லாம் பேசும் நம் விமர்சகர்கள் குறித்துக்கொள்ளலாம்.) ஆக, நிறுவனங்கள் மேகத்துக்கு ஓடுவது பெரும்பாலும் தங்களிடமிருந்தே தப்பிப்பதற்காக. கொள்முதல் குழுவைச் சீர்திருத்துவதைவிட வர்ஜினியா மாநிலத்தில் ஒரு கணினியை வாடகைக்கு எடுப்பது எளிது. கணக்காளருக்கும் இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது: வாங்கிய கணினியை இந்திய வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு நாற்பது விழுக்காடாகத் தேய்த்துக்கொண்டு போக வேண்டும், வாடகையை அந்த ஆண்டே முழுச் செலவாக எழுதிவிடலாம்.

விரிந்து சுருங்கும் தன்மையை நாம் ஒப்புக்கொள்கிறோம், முழு மனதோடு. தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் காலையை நினைத்துப் பாருங்கள். ஏழெட்டு லட்சம் மாணவர்கள், அவர்களுக்கு மும்மடங்கு உறவினர்கள், ஒரே மணித்துளியில் ஒரே கதவைத் தட்டுகிறார்கள். மறுநாள் அந்தக் கதவருகே காக்கை குருவி இராது. அந்த ஒரு காலைக்காக ஆண்டு முழுதும் நூறு கணினிகளைக் கட்டி மேய்ப்பது அறிவீனம். ரயில்வேயின் தத்கால் பத்து மணியும் அப்படித்தான். கல்யாணத்துக்குப் பந்தலும் பாத்திரமும் வாடகைக்குத்தான் எடுக்கிறோம்; சொந்தமாக வாங்கி வைப்பதில்லை. நம் சண்டை பந்தல் வாடகையோடு அல்ல. பந்தல்காரர் தரும் பந்தலிலேயே நிரந்தரமாகக் குடித்தனம் வையுங்கள், சமையற்கட்டையும் அங்கேயே கட்டுங்கள், வீட்டை இடித்துவிடுங்கள் என்று சொல்லும் பெருங்கதையாடலோடுதான்.

அந்தக் கதையாடலின் அச்சாணி மின்சார உவமை. நிக்கோலஸ் கார் 2008இல் ஒரு புத்தகமே எழுதிப் பரப்பியது. நூறாண்டுக்கு முன் ஒவ்வொரு தொழிற்சாலையும் சொந்தமாக மின்சாரம் தயாரித்தது. பிறகு பொது மின்நிலையங்கள் வந்தன, சொந்த எந்திரங்கள் துருப்பிடித்தன. கணிப்புத் திறனும் அவ்வழியே போகும். கேட்க அழகான உவமை. ஆனால் உவமானத்துக்கும் உவமேயத்துக்கும் பொதுத்தன்மை எதுவரை என்று கேட்பது நம் முதலாண்டு மாணவரின் பயிற்சி. கேட்டுப் பார்ப்போம்.

நெய்வேலி நிலக்கரியில் பிறந்த மின்சாரமும் மேட்டூர் அணையில் பிறந்த மின்சாரமும் வீட்டு விளக்குக்கு ஒன்றே. விளக்கைக் கழற்றி வேறு பல்பு மாட்டத் தேவையில்லை. ஒரு மேகத்தின் தனித் தரவுத்தளத்தையும் தனி வரிசைச் சேவையையும் நம்பி எழுதிய நிரலை அடுத்த மேகத்தில் ஏற்ற வேண்டுமானால் பாதியைத் திருப்பி எழுத வேண்டும். மின்சாரத்துக்கு ஒழுங்குமுறை ஆணையம் உண்டு. கட்டணத்தை உயர்த்தும் முன் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும், கேட்பதாக நடிக்கவாவது வேண்டும். மேகத்தின் விலைப்பட்டியலுக்கு எந்த ஆணையமும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மின்வாரியம் நம் வீட்டுப் பத்திரத்தையும் தாலிக்கொடியையும் தன் துணை மின்நிலையத்தில் வைத்திருப்பதில்லை. இணைப்பைத் துண்டித்தால் இருட்டில் உட்கார்ந்திருப்போம், பத்திரம் நம் பீரோவில் இருக்கும். மேகம் துண்டித்தால் விளக்கும் போகும், பத்திரமும் போகும்.

இன்னொன்று. சொந்த எந்திரத்தை ஒழித்துவிட்டார்கள் என்கிற அந்த வரலாற்றைத் தமிழ்நாட்டில் வந்து சொல்ல முடியுமா? 2012இல் பல மாவட்டங்கள் நாளில் பாதிக்கு மேல் மின்சாரமின்றிக் கிடந்தன. ஜெராக்ஸ் கடைக்காரர்கூடப் பின்வாசலில் ஒரு ஜெனரேட்டரை வைத்திருந்தார். இதில் வேடிக்கை, மின்சாரத்தைப் போலக் கணிப்பையும் நம்பி எங்களிடம் விடுங்கள் என்று சொல்லும் மேக நிறுவனங்களின் தரவு மையங்களே மின்வாரியத்தை நம்பாமல் டீசல் ஜெனரேட்டர்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கின்றன. உவமை தன் வாசற்படியிலேயே தடுக்கி விழுகிறது.

நெட்ஃப்ளிக்ஸைக் காட்டுவார்கள். காட்டட்டும். 2008 ஆகஸ்டில் அதன் சொந்தத் தரவுத்தளம் பழுதாகி மூன்று நாள் குறுந்தகடுகளை அனுப்ப முடியாமல் போனது. அன்று முடிவெடுத்து, ஏழாண்டு உழைத்து, 2016 ஜனவரியில் முழுதாக அமேசான் மேகத்துக்குக் குடிபெயர்ந்தது. போட்டிக் கடைக்காரனின் கட்டடத்திலேயே கடை போட்ட துணிச்சல் அது. இதைப் பாடமாகச் சொல்பவர்கள் மறுபாதியைச் சொல்வதில்லை. நாம் பார்க்கும் படம் அந்த மேகத்திலிருந்து நம் வீட்டுக்கு வருவதில்லை. 2012இல் அறிவித்த ஓபன் கனெக்ட் என்ற ஏற்பாட்டின்படி நெட்ஃப்ளிக்ஸ் தன் சொந்தப் பெட்டிகளைத் தானே வடிவமைத்து, ஊர் ஊராக இணையச் சேவை நிறுவனங்களின் கூடங்களில் வைத்திருக்கிறது. அதன் உயிர்த்தொழில் எதுவோ அது வாடகையில் இல்லை. எதை வாடகைக்கு விடலாம், எதைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பிரித்தறியும் பொறியாளர்கள் அவர்களிடம் இருந்தார்கள். நம் நிறுவனங்கள் முதலில் அந்தப் பொறியாளர்களைத்தான் அனுப்பிவிடுகின்றன.

மேகத்தை நாடுவதில் யாரும் ஒப்புக்கொள்ளாத இன்னொரு ஈர்ப்பும் உண்டு: பழியைப் பங்கிடுதல். சொந்தக் கணினி படுத்தால் அதிகாரியின் தலை உருளும். மேகம் படுத்தால் பாதி உலகம் படுக்கும். யாருடைய தலையும் உருளாது. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் பணியாளர் ஒருவர் கட்டளையொன்றைத் தவறாகத் தட்டியதால் வடக்கு வர்ஜினியாவின் சேமிப்புச் சேவை மணிக்கணக்கில் முடங்கியது. சேவை நலமா என்று அறிவிக்கும் அவர்களது பக்கமே அந்தச் சேமிப்பை நம்பியிருந்ததால், நலமில்லை என்று சொல்லக்கூட முடியவில்லை. 2025 அக்டோபர் 20 அன்று அதே வடக்கு வர்ஜினியாவில் ஒரு தரவுத்தளத்தின் முகவரிப் பதிவு பிசகி, ஸ்னாப்சாட் முதல் சிக்னல் வரை உலகெங்கும் தடுமாறின. இழப்பீடு? மாதக் கட்டணத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வார்கள். வாங்கிய வாடகையில்தான் தள்ளுபடி, நேர்ந்த நட்டத்துக்கு அல்ல. தஞ்சைப் பக்கத்து வாரச் சாகுபடியில் விளைச்சல் பொய்த்தால் நிலக்காரருக்கும் நெல் வராது. குத்தகையில் வெள்ளமானாலும் வறட்சியானாலும் பேசிய அளவை அளந்தாக வேண்டும். மேகம் இதில் எந்த வகை என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கூடுதல்: இந்த நிலத்துக்குள் நெல்லைக் கொண்டுபோகக் கட்டணம் இல்லை, வெளியே எடுத்துவரக் கட்டணம் உண்டு. தரவை உள்ளே ஏற்றுவது இலவசம். அமேசானில் முதல் நூறு கிகாபைட்டுக்குப் பிறகு இணையத்துக்கு எடுக்கும் ஒவ்வொரு கிகாபைட்டுக்கும் சுமார் ஒன்பது சென்ட் என்பது பொதுவான தொடக்க விலை.

பணத்தைவிட நம்மை உறுத்துவது வேறு. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி அலைந்த கதை நமக்கெல்லாம் மனப்பாடம். அந்தக் கதையில் ஏடுகளை அழித்தது செல்லும் நெருப்பும் மட்டுமல்ல. படிக்கத் தெரிந்த தலைமுறை போய், பெயர்த்தெழுதும் கை போய், பரணில் கிடப்பது என்னவென்றே தெரியாத வாரிசுகள் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டார்கள். உடைமை இருந்தது, பேணும் அறிவு போய்விட்டது. மேகத்துக்குப் போன நிறுவனத்தில் நடப்பதும் இதுவே. முதல் ஆண்டு கணினி அறையைப் பார்த்துக்கொண்டவரை வேறு வேலைக்கு மாற்றுவார்கள். மூன்றாம் ஆண்டு அவர் ஓய்வு பெறுவார். ஐந்தாம் ஆண்டு தரவுத்தளத்தின் நகலை எடுத்து வேறிடத்தில் நிறுவத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் ஒருவர்கூட இருக்க மாட்டார். திரும்பி வரலாமே என்பார்கள். எந்தக் கையை வைத்துக்கொண்டு வருவது?

நாம் பணிபுரியும் கல்லூரியிலும் இதைப் பார்த்தோம். வருகைப் பதிவு, அகமதிப்பீட்டு மதிப்பெண், தரமதிப்பீட்டுக் குழுவுக்கான ஆவணங்கள் எல்லாம் ஒரு மென்பொருள் விற்பனையாளரின் செயலியில் இருந்தன. அவர் அதை ஏதோ ஒரு மேகத் தளத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். எந்தத் தளம் என்று நிர்வாகத்துக்கும் தெரியாது. விற்பனையாளருக்கும் தளத்துக்கும் இடையே ஏதோ கட்டணத் தகராறு. பருவத் தேர்வுக்கு முந்திய வாரத்தில் திரை வெள்ளையாகிவிட்டது. கல்லூரி தன் பாக்கியை ஒரு ரூபாய்கூட வைத்திருக்கவில்லை. ஆனால் கல்லூரிக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே ஒப்பந்தமே கிடையாது. யாரிடம் போய்க் கேட்பது? ஆசிரியர்கள் தங்கள் கையேட்டிலும் தாள்களிலும் குறித்து வைத்திருந்ததைக் கொண்டு மதிப்பெண் பட்டியலைத் திரும்ப எழுதினோம். குறித்து வைக்காத இளம் ஆசிரியர்களின் வகுப்புப் பிள்ளைகள் தேர்வை மறுபடி எழுதினார்கள். அந்தப் பிள்ளைகள் செய்த குற்றம் என்ன?

இவை சிறிய ஊரின் சிறிய விபத்துகள் என்று தள்ளிவிடலாம். பெரிய இடங்களுக்கு வருவோம். பார்ஸ் என்ற தளத்தை நம்பி லட்சக்கணக்கான செயலிகள் எழுதப்பட்டன. 2013இல் ஃபேஸ்புக் அதை வாங்கியது, 2016 ஜனவரியில் மூடப்போவதாக அறிவித்தது, ஓராண்டில் மூடியது. மூல நிரலைத் திறந்துவிட்டுப் போனார்கள் என்பதால் அவர்களைக் கண்ணியமான வீட்டுக்காரர் வரிசையில் சேர்க்கலாம். ஹெரோக்கு 2010இல் சேல்ஸ்ஃபோர்ஸுக்குக் கைமாறியது. 2022 நவம்பர் 28இல் இலவசப் பிரிவை நிறுத்தியது. ஆஸ்திரேலியாவின் ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பருக்கு 2024 மே மாதம் நேர்ந்ததுதான் பேய்க்கதை. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் கணக்கு. கூகுளின் பணியாளர் உள்ளகக் கருவி ஒன்றில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டதால், அந்தத் தனி மேகத்துக்கு ஓராண்டு ஆயுள் என்று பதிவாகி, ஆண்டு முடிந்ததும் தானாக அழிந்தது. நிதியம் வேறொரு நிறுவனத்திடம் நகல் வைத்திருந்தது. மீண்டு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. மேகத்தின் பாதுகாப்பு என்று கையேடுகள் சொல்லும் மூன்றாவது காரணத்தைப் பற்றி நாம் சொல்ல இருப்பது இவ்வளவே: யூனிசூப்பரைக் காப்பாற்றியது மேகத்தின் மேல் அது வைத்திருந்த அவநம்பிக்கை.

விபத்து ஒரு வகை. வீட்டுக்காரரின் விருப்பம் இன்னொரு வகை. 2010 டிசம்பரில் அமேசான் விக்கிலீக்ஸை வெளியேற்றியது. 2021 ஜனவரியில் பார்லரை வெளியேற்றியது. முதலாவதைக் கண்டித்தவர்களில் பலர் இரண்டாவதைக் கொண்டாடினார்கள். அந்த முரணைப் பேச இன்னொரு கட்டுரை வேண்டும். இந்தியாவுக்கு வருவோம். குஜராத்தின் வாடினாரில் ஆண்டுக்கு இரண்டு கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலையை நயாரா எனர்ஜி நடத்துகிறது. அதில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்டுக்கு 49.13 விழுக்காடு பங்கு. 2025 ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் நயாரா மீது தடை விதித்தது. இந்தியா விதிக்கவில்லை, அமெரிக்கா விதிக்கவில்லை. சில நாட்களில் மைக்ரோசாஃப்ட், அதுவும் அமெரிக்க நிறுவனம், நயாராவின் மின்னஞ்சலையும் உரையாடல் சேவையையும் நிறுத்தியது. முழுக் கட்டணம் செலுத்தியும் முன்னறிவிப்பின்றித் தன் சொந்தத் தரவையே எட்ட முடியாமல் போனதாக நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஜூலை இறுதிக்குள் சேவை திரும்பியது. பெட்ரோல் பங்குகள் நாடெங்கும் ஆறாயிரத்துக்கு மேல் வைத்திருக்கும் நிறுவனம், நாட்டின் சுத்திகரிப்புத் திறனில் ஏறத்தாழ எட்டு விழுக்காட்டைக் கையில் வைத்திருக்கும் நிறுவனம், ஒரு வாரம் அடுத்தவர் கதவைத் தட்டிக்கொண்டு நின்றது. அது மின்னஞ்சல்தானே, செயலிகளை ஓட்டும் தளம் அல்லவே என்று நுட்பம் பேசுவார்கள். சாவி ஒரே வளையத்தில்தான் தொங்குகிறது.

உடனே சுதேசிக் கொடியைத் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டம் வரும். மேகத்தை இந்தியமயமாக்கினால் போதும் என்பார்கள். மைக்ரோசாஃப்ட் 2015இலேயே சென்னையில் தன் மேகத்துக்கான மையத்தை வைத்துவிட்டது. அமேசான் 2016இல் மும்பையிலும் 2022இல் ஹைதராபாத்திலும் வைத்தது. கணினி எந்த மண்ணில் இருக்கிறது என்பதால் சாவி கைமாறவில்லை என்பதை நயாரா காட்டிவிட்டது. சரி, முதலாளியும் இந்தியராகவே இருக்கட்டும், தமிழராகவே இருக்கட்டும். சென்னையிலிருந்து வளர்ந்த ஜோஹோ உலகுக்கே மேகச் சேவை விற்கிறது. அந்த நிறுவனம் தன் சேவைகளை அமேசானிலோ கூகுளிலோ வாடகைக்கு ஓட்டாமல் சொந்தத் தரவு மையங்களை நடத்துகிறது என்பதே அதன் பெருமைகளில் ஒன்று. நாமும் மெச்சுகிறோம். ஆனால் அதிலிருந்து கற்க வேண்டிய பாடம் அவர்களிடம் வாடகைக்குப் போவதா, அல்லது அவர்கள் செய்ததைச் செய்வதா? வீட்டுக்காரரின் தாய்மொழி தமிழ் என்பதால் வாடகைச் சீட்டு கிரயப் பத்திரம் ஆகிவிடாது.

எல்லோரும் மேகத்தை விட்டு இறங்கிவிட வேண்டும் என்பதா உங்கள் வாதம் என்று கேட்கக்கூடும். இல்லை. ஐந்து பேர் சேர்ந்து ஒரு செயலி தொடங்கும்போது கணினி அறை கட்டுவது பைத்தியக்காரத்தனம். தேர்வு முடிவு வெளியிடும் துறைக்கு அது வீண் செலவு. நாம் மறுப்பது, சோம்பலுக்கும் காத்திருப்பின் எரிச்சலுக்கும் பழியஞ்சும் தன்மைக்கும் ‘நவீனமாதல்’ என்று பெயரிட்டு, அரசுத் துறைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் நூலகங்களுக்கும் அதையே தீர்வாகத் திணிப்பதை. நிறுவனம் திவாலானால் பங்குதாரர் அழுவார். ஒரு பல்கலைக்கழகத்தின் ஐம்பதாண்டு மதிப்பெண் பதிவேடு அழிந்தால் யார் அழுவது, யாரிடம் போய் அழுவது?

ஐரோப்பியர்களுக்கு இது புரிந்திருக்கிறது. அவர்களது தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒரு மேகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற விரும்பும் வாடிக்கையாளரைத் தடுக்கக் கூடாது என்கிறது. 2027 ஜனவரி 12க்குப் பிறகு அப்படி மாறுவதற்குக் கட்டணமே வாங்கக் கூடாது என்கிறது. அந்தச் சட்டம் வருவது உறுதியான பிறகே, 2024இன் தொடக்க மாதங்களில், கூகுளும் அமேசானும் ஒரேயடியாக வெளியேறுபவர்களுக்குத் தரவேற்றுமதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தன. நம் நாட்டில் 2019இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தரவுப் பாதுகாப்பு மசோதாவில், தனிமனிதர் தன் தரவைப் பெயர்த்துக்கொண்டு போகும் உரிமையாவது ஒரு பிரிவாக இருந்தது. 2023இல் சட்டமாக நிறைவேறியபோது அந்தப் பிரிவு அதில் இல்லை. நிறுவனங்களுக்கும் கல்லூரிகளுக்கும் அப்படியொரு உரிமை எந்த வடிவிலும் அதில் எழுதப்படவில்லை.